ஊரடங்கில் பந்து உருளலாமா?

வாசகர் கேள்வி – பதில்

பெருந்தொற்றுக் காலத்தில் தொழில்முறைக் கால்பந்து நடந்தது சரிதானா என்பதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

2021 ஜனவரியில் இங்கிலாந்தில் மூன்றாவது ஊரடங்கு வந்தபோது பள்ளிகளை மூடினார்கள். வயதான பெற்றோரைப் பிள்ளைகள் போய்ப் பார்க்க முடியவில்லை. பிரீமியர் லீக் ஆட்டங்கள் மட்டும் வாரந்தவறாமல் நடந்தன. சட்டம் எல்லோருக்கும் பொதுதானே? கால்பந்தையும் நிறுத்தியிருக்க வேண்டாமா?
– பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி

நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் மனக்குறை நியாயமானது. ஜனவரி 4ஆம் தேதி இரவு பிரதமர் போரிஸ் ஜான்சன் ஊரடங்கை அறிவித்தபோது உயர்மட்ட விளையாட்டுக்கு விலக்குக் கிடைத்தது. அதே மாதம் 26ஆம் தேதி பிரிட்டனில் கொரோனாவால் இறந்தோர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. வீட்டில் ஒரு சாவு விழுந்தும் உறவினர் கூடி அழ முடியாத நாட்களில் தொலைக்காட்சியில் 22 பேர் பந்தைத் துரத்துவதைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு உறுத்தத்தான் செய்யும்.

இருந்தாலும், நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவும் வழிகளை அடைப்பதற்காகவே ஊரடங்கு போடப்படுகிறது. எல்லோரும் ஒரே அளவு கஷ்டப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம் அல்ல. அந்த ஜனவரியிலும் வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைக்குப் போகலாம் என்ற விதி இங்கிலாந்தில் இருந்தது; கட்டடத் தொழிலாளர்கள் வேலைக்குப் போனார்கள், ஆலைகள் ஓடின. கால்பந்தும் வீட்டிலிருந்து செய்ய முடியாத ஒரு வேலைதான். ஆகவே, அந்த வேலை நடப்பதால் ஊருக்குள் தொற்று பரவுகிறதா, ஊருக்குத் தேவையான எதையாவது அது பறித்துக்கொள்கிறதா என்ற இரண்டையும் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

முதலாவதைப் பார்ப்போம். கால்பந்தால் பெருங்கேடு விளைந்திருக்கக்கூடிய நாட்கள் பெரும்பாலும் ஊரடங்கு வருவதற்கு முந்தையவை. 2020 பிப்ரவரி 19ஆம் தேதி மிலான் நகரின் சான் சிரோ அரங்கில் அட்டலாண்டா அணியும் வலென்சியா அணியும் ஆடின. தங்கள் அணி முதன்முறையாக, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் போட்டியின் நாக்-அவுட் சுற்றுக்கு வந்துவிட்ட மகிழ்ச்சியில், பெர்கமோ நகரிலிருந்து பல்லாயிரம் பேர் பேருந்திலும் ரயிலிலும் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். அரங்கில் இருந்தவர்கள் 40 ஆயிரத்துக்கும் அதிகம். இத்தாலியில் உள்ளூர்த் தொற்று முதன்முதலாக உறுதியானது அதற்கு அடுத்த நாள் இரவில்தான். சில வாரங்களில் பெர்கமோவின் பிணங்களை ராணுவ லாரிகள் ஏற்றிச் சென்றதை உலகமே பார்த்தது. வலென்சியா அணியில் ஆட்டக்காரர்கள், ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் தொற்றியதாக அந்த கிளப்பே பின்னர் அறிவித்தது.

பிப்ரவரியில் யாருக்கும் தெரியாது என்று இத்தாலியரை மன்னித்துவிடலாம். மார்ச் 11ஆம் தேதி லிவர்பூலில் நடந்ததை அப்படி மன்னிக்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்த அதே நாள் அது. மாட்ரிட் நகரில் பள்ளிகளை மூடிவிட்டார்கள். ஸ்பெயின் லீகில் பார்வையாளர் இல்லாமல் ஆட முடிவாகிவிட்டது. ஆனால் அத்லெத்திகோ மாட்ரிட்டின் ரசிகர்கள் ஏறத்தாழ 3,000 பேர் விமானமேறி வந்து, ஆன்ஃபீல்டு அரங்கில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். தங்கள் ஊர் அரங்கில் உட்கார அனுமதி இல்லாதவர்களுக்கு அயலூர் அரங்கின் கதவு திறந்திருந்தது. எந்தச் சட்டமும் அன்று மீறப்படவில்லை. என்றாலும் கால்பந்து வரலாற்றில் பொறுப்பற்ற மாலைகளில் ஒன்றாக அதை நான் எண்ணுகிறேன். இரண்டு நாள் கழித்து பிரீமியர் லீக் நின்றது. அதுகூட அரசு சொல்லி நிற்கவில்லை. ஆர்சனல் பயிற்சியாளர் மிக்கேல் ஆர்ட்டெட்டாவுக்குத் தொற்று உறுதியான பிறகுதான் நின்றது.

இவற்றோடு ஒப்பிட்டால், காலி அரங்கில் நடந்த 2021 ஜனவரி ஆட்டங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அணிக்காரர்கள், நடுவர்கள், ஒளிபரப்பாளர்கள், கொஞ்சம் ஊழியர்கள் என்று சில நூறு பேர்தான் அரங்குக்குள் இருந்தார்கள். ஆட்டக்காரர்களுக்கு அப்போது வாரம் இருமுறை பரிசோதனை நடந்தது. தொற்றே இல்லாமல் போகவில்லை: டிசம்பரின் ஒரு வாரத்தில் 18 பேருக்கும், ஆண்டு மாறிய அடுத்த வாரத்தில் 40 பேருக்கும் தொற்று உறுதியானது, சில ஆட்டங்கள் தள்ளிப்போயின. ஆனால் ஊர் முழுதும் தொற்று கொழுந்துவிட்டெரிந்த நேரத்தில் ஆட்டக்காரர்கள் மட்டும் தப்பியிருக்க முடியாது. தொற்றியவரை உடனே கண்டுபிடித்து விலக்கி வைக்க ஏற்பாடு இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2020 ஏப்ரலில் பிரிட்டனில் செவிலியருக்கும் முதியோர் இல்லப் பணியாளருக்குமே போதிய பரிசோதனைகள் கிடைக்கவில்லை. மாத இறுதிக்குள் நாளொன்றுக்கு ஒரு லட்சம் பரிசோதனை என்ற இலக்கை எட்ட அரசு திணறியது. அந்த மாதத்தில் ஆட்டக்காரருக்கு வாரம் இருமுறை மூக்கில் குச்சி விட்டிருந்தால் அது ஒரு செவிலியருக்கு உரியதைப் பறித்ததாக இருந்திருக்கும். மே நடுவில் நிலைமை தளர்ந்த பிறகு லீக் தன் செலவில் தனியார் நிறுவனத்தைக் கொண்டு 748 பேரைப் பரிசோதித்தது. 6 பேருக்குத் தொற்று தெரிந்தது. ஜூன் 17ஆம் தேதி ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின. ஏப்ரலில் தவறாக இருந்திருக்கக்கூடிய அதே ஆட்டம் ஜூனில் சரியாயிற்று. ஜனவரியில் பரிசோதனைக்குப் பஞ்சம் இல்லை. அதனால்தான் அந்த மாதத்துக்கும் ‘ஆடலாம்’ என்கிறேன்.

மக்களின் மனச்சோர்வைப் போக்கத்தான் ஆட்டம் என்றார்கள். உண்மையில் எல்லாம் தொலைக்காட்சிப் பணத்துக்காகத்தானே?
– வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

ஆம், பணத்துக்காகத்தான். அதை மறைக்காமல் சொல்லியிருந்தால் கால்பந்து நிர்வாகிகளின் மரியாதை கூடியிருக்கும். 2019–20 பருவத்தை முடிக்க முடியாமல் போனால் ஒளிபரப்பாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டியது முதலான வகையில் சுமார் 76 கோடி பவுண்டு இழப்பு வரும் என்று பிரீமியர் லீக் கிளப்புகளிடம் கணக்குக் காட்டப்பட்டது. மீதமிருந்த 92 ஆட்டங்களும் நடந்ததற்கு அதைவிட வலுவான காரணத்தைத் தேட வேண்டியதில்லை.

மனச்சோர்வு வாதத்தை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. அந்த 92 ஆட்டங்களும் நேரலையாக வந்தன. சிலவற்றைக் கட்டணமின்றிக் காட்டினார்கள். பிரீமியர் லீக் ஆட்டமொன்றை பிபிசி நேரலையாகக் காட்டியது வரலாற்றில் அதுவே முதன்முறை. தனியாக அறைக்குள் அடைந்து கிடந்த ஒரு முதியவருக்கு அது மாலை நேரத் துணையாக இருந்திருக்கும். ஆனால் மக்களை மகிழ்விக்கும் ஆட்டமே மக்களைத் தெருவுக்கும் இழுக்கும். 30 ஆண்டுகளுக்குப் பிறகு லிவர்பூல் பட்டம் வென்ற ஜூன் 25ஆம் தேதி இரவும் மறுநாளும் ஆயிரக்கணக்கானோர் ஆன்ஃபீல்டு வாசலிலும் பியர் ஹெட் சதுக்கத்திலும் கூடினார்கள். கிளப்பும் காவல்துறையும் நகராட்சியும் கூட்டாகக் கண்டித்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. மனச்சோர்வு நீக்கும் மருந்து என்றே சொல்வதானால் அதன் பக்கவிளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பணம் என்றதும் முகம் சுளிக்கவும் வேண்டாம். ஆட்டத்தை நிறுத்திய பிரான்சைப் பாருங்கள். 2020 ஏப்ரல் 28ஆம் தேதி பிரதமர் எதுவார் ஃபிலிப், பருவத்தைத் தொடர முடியாது என்றார். இரண்டு நாளில் லீக் அதை முடித்துவைத்து, பாரிஸ் சாங் ஜெர்மேனைச் சாம்பியனாக அறிவித்தது. ஒளிபரப்புப் பணம் நின்றதால் கிளப்புகள் மூழ்காமல் இருக்க 22.45 கோடி யூரோ கடன் வாங்கினார்கள். அதற்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. அந்த ஆண்டு இறுதியில் புதிய ஒளிபரப்பு ஒப்பந்தமும் கவிழ்ந்தது. ஜெர்மனியோ 36 கிளப்புகளில் 1,724 பரிசோதனை செய்து, 10 பேருக்குத் தொற்று என்று கண்டு அவர்களை ஒதுக்கிவைத்து, மே 16ஆம் தேதி ஆட்டத்தைத் தொடங்கியது. ஜெர்மன் ரசிகர் மன்றங்கள் பல இதைக் கடுமையாக எதிர்த்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆளில்லா அரங்கில் ஆடுவதைப் பணத்துக்கு ஆடும் பேயாட்டம் என்றே அவர்கள் கருதினார்கள். அவர்களுடைய அருவருப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நிறுத்துவதற்கும் ஒரு விலை உண்டு, பிரான்சில் அந்தச் சுமைக்கு அரசு தோள் கொடுக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

கிளப் என்றால் கோடீஸ்வர ஆட்டக்காரர்கள் மட்டும் அல்லர். புல் பராமரிப்பவர், நுழைவுச்சீட்டுக் கொடுப்பவர், சமையல்காரர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வேறோர் இடத்தில். 2020 வசந்தத்தில் லிவர்பூல், டாட்டனம் உள்ளிட்ட சில பணக்கார கிளப்புகள், ஆட்டக்காரர் சம்பளம் அப்படியே இருக்க, இந்த எளிய ஊழியர்களின் சம்பளத்தை அரசின் உதவித் திட்டத்தில் தள்ளிவிடப் பார்த்தன. ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகு அந்த இரண்டும் பின்வாங்கின. அதே நாட்களில் ஆட்டக்காரர்கள், ஜோர்டன் ஹெண்டர்சன் முன்னின்று நடத்திய முயற்சியில், பொது மருத்துவமனைகளுக்கான நிதி திரட்டினார்கள். முதலாளிகளைவிடத் தொழிலாளிகள் பொறுப்பாக நடந்துகொண்டார்கள்.

ஆட்டக்காரர்கள் இளைஞர்கள், உடற்கட்டு உள்ளவர்கள், பெரும் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்களுக்கு என்ன ஆபத்து?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

இளமை ஒரு கவசம்தான். ஆனால் அதில் ஓட்டைகள் இருந்தன. 2020 டிசம்பரில் நியூகாசில் அணிக்குள் தொற்று புகுந்து, பயிற்சிக் கூடத்தையே மூட நேர்ந்தது. அணித்தலைவர் ஜமால் லாசெல்ஸும் முன்கள ஆட்டக்காரர் அலான் சான்-மாக்ஸிமானும் தொற்று நீங்கிய பின்னும் வாரக்கணக்கில் உடல் தேறாமல் இருந்தார்கள். பயிற்சியாளர்கள் எல்லோரும் இளைஞர்கள் அல்லர் என்பதையும் மறக்கலாகாது: வெஸ்ட் பிராம்விச் அணியின் மேலாளர் சாம் அலர்டைஸுக்கு அப்போது 66 வயது, லீகைச் சிறிது காலம் நிறுத்திவைக்க வேண்டும் என்று அந்த டிசம்பரில் வெளிப்படையாகக் கேட்டவர் அவர். லீக் இணங்கவில்லை.

தன் உடலை மட்டுமே வைத்து ஆபத்தை அளப்பவனுக்கு வீடு என்று ஒன்று இருப்பது கண்ணில் படுவதில்லை. வாட்ஃபோர்டு அணியின் டிராய் டீனி 2020 மே மாதத்தில் பயிற்சிக்கு வர மறுத்தார். மூச்சுத் தொல்லை உள்ள கைக்குழந்தை வீட்டில் இருந்தது. கறுப்பின மக்கள் இந்த நோயால் கூடுதலாகப் பாதிக்கப்படுவது ஏன் என்ற அவருடைய கேள்விக்கும் விடை கிடைக்கவில்லை. செல்சீயின் எங்கோலோ கான்டேயும் அவ்வாறே தயங்கினார். வீட்டிலேயே பயிற்சி செய்துகொள்ள கிளப் அனுமதித்தது. ஊரடங்கில் கால்பந்து நடக்கலாம் என்று நான் சொல்வதில் இது ஒரு நிபந்தனை: ஆட மறுப்பவருக்குச் சம்பள வெட்டோ இட இழப்போ வரக்கூடாது. கான்டேயைப் போன்ற நட்சத்திரம் கேட்டால் எந்த கிளப்பும் கொடுக்கும். ஒப்பந்தம் முடிய ஆறு மாதமே இருக்கும் மாற்று ஆட்டக்காரன் கேட்டால் கொடுக்குமா என்பதில்தான் அந்த உரிமையின் உண்மை தெரியும்.

கோல் அடித்ததும் கட்டிப்பிடித்து முத்தமிடுகிறார்களே, அதையாவது தடுத்திருக்கலாமே?
– இல்லத்தரசி, கும்பகோணம்

தடுக்கத்தான் பார்த்தார்கள். 2021 ஜனவரியில் கைகுலுக்குவதும் கட்டிப்பிடிப்பதும் கூடாது என்று லீக் கிளப்புகளுக்கு நினைவூட்டியது. அரசியல்வாதிகளும் சேர்ந்து கண்டித்தார்கள். பார்வைக்கு அது தவறான காட்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறந்தவெளியில், பரிசோதனை முடித்து வந்த பத்துப் பேர், சில நொடிகள் கட்டிக்கொள்வதைவிட, அவர்கள் ஒரே பேருந்தில் பயணம் செய்து ஒரே விடுதியில் சாப்பிடுவதுதான் கவலைக்குரியது. கேமரா அங்கே போவதில்லை என்பதால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதே ஜனவரியில் ஸ்காட்லாந்தின் செல்டிக் அணி பயிற்சிக்கு என்று துபாய் போய்வந்தது. திரும்பியதும் ஓர் ஆட்டக்காரருக்குத் தொற்று உறுதியாகி, மேலாளர் நீல் லெனனும் 13 ஆட்டக்காரர்களும் தனிமைக்குப் போனார்கள். ஊரே அடைபட்டிருக்கும்போது கடற்கரை நகரத்துக்குப் போனதை எந்த விதியைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

பெரிய லீகுக்குக் கிடைத்த விலக்கு சிறிய அணிகளுக்கும் பெண்களுக்கும் ஏன் கிடைக்கவில்லை?
– கால்பந்துப் பயிற்சியாளர், சென்னை

இந்தக் கேள்விக்கு என்னிடம் சமாதானமான பதில் இல்லை. ‘உயர்மட்டம்’ என்று அரசு சொன்னது நடைமுறையில் ‘பரிசோதனைக்குப் பணம் கட்டக்கூடியவர்’ என்று ஆகிவிட்டது. 2020 வசந்தத்தில் ஆண்களின் பிரீமியர் லீகைத் தொடரப் பாடுபட்ட அதே இங்கிலாந்து, பெண்களின் சூப்பர் லீகை மே மாதத்திலேயே முடித்துவிட்டு, ஆட்டத்துக்கான சராசரிப் புள்ளிகளின்படி செல்சீயை வெற்றி அணியாக அறிவித்தது. கீழ்மட்ட லீகுகள் பலவற்றில் அந்தப் பருவம் நடக்கவே இல்லை என்று அடித்துவிட்டார்கள். 2021 ஜனவரியில் இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பை ஆண்களுக்கு நடந்தது, தொற்றால் மூத்த அணி முழுவதும் முடங்கிய ஆஸ்டன் வில்லா, லிவர்பூலுக்கு எதிராகப் பையன்களை இறக்கியாவது ஆடியது. பெண்களின் எஃப்.ஏ. கோப்பையோ உயர்மட்டப் போட்டி அல்ல என்று நிறுத்திவைக்கப்பட்டது.

நம் நாட்டிலும் கதை அதுவே. 2020 மார்ச் 14ஆம் தேதி கோவாவின் ஃபத்தோர்தா அரங்கில், பார்வையாளர் ஒருவரும் இல்லாமல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டம் நடந்தது. சென்னையின் எஃப்சி 1–3 என்று கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் தோற்றது. அடுத்த பருவத்தில் 11 அணிகளையும் மாதக்கணக்கில் கோவா விடுதிகளில் தங்கவைத்து, மூன்று அரங்குகளில் 115 ஆட்டங்களை நடத்தி முடித்தார்கள். திறமையான ஏற்பாடு, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 2020 பிப்ரவரியில் முடிந்த இந்திய மகளிர் லீக் மறுபடி தொடங்கியது 2022 ஏப்ரலில்தான். இரண்டு ஆண்டுக்கும் மேலாக ஒரு லீக் ஆட்டம்கூட இல்லை. 2019இல் அந்த லீகை வென்ற தமிழ்நாட்டின் சேது எஃப்சி வீராங்கனைகளுக்குக் கால்பந்து வாழ்வின் நல்ல வருடங்களில் இரண்டு இப்படிப் போயின. பெரிய லீகைத் தொடர அனுமதிக்கும் அரசு, அதன் ஒளிபரப்பு வருவாயில் ஒரு பங்கை மகளிர் அணிகளின் பரிசோதனைக்கும் தங்கும் இடத்துக்கும் ஒதுக்கச் சொல்லி நிபந்தனை போட்டிருக்கலாம். இங்கிலாந்தில் பிரீமியர் லீக், மூன்றாம் நான்காம் நிலை கிளப்புகளுக்கு 5 கோடி பவுண்டு தர 2020 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதற்குப் பல மாதம் இழுபறி நடந்தது.

அப்படியானால் எந்த நிலையில்தான் நிறுத்தச் சொல்வீர்கள்? நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்?
– ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், நாகர்கோவில்

பரிசோதனைக் கருவியோ, ஆம்புலன்ஸோ, மருத்துவரோ பொதுமக்களுக்குப் போதாமல் இருக்கும்போது நிறுத்த வேண்டும். ஆட்ட நாளன்று அரங்கில் ஒரு மருத்துவக் குழு நின்றாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அடுத்து, ஆட்டம் மக்களை ஊர்விட்டு ஊர் நகர்த்துமானால் அரங்கு காலியாக இருந்தும் பயனில்லை. 2021 ஐரோப்பியக் கோப்பையின்போது ஸ்காட்லாந்தின் பொது சுகாதாரத் துறை, கோப்பை தொடர்பான நிகழ்வுகளுக்குப் போய்வந்தவர்களில் 1,991 பேருக்குத் தொற்று என்று கண்டது. அவர்களில் 1,294 பேர் லண்டனுக்குப் போனவர்கள். வெம்பிளி அரங்குக்குள் இருந்ததாகச் சொன்னவர்கள் 397 பேர்தான். லண்டனுக்குப் போன மற்றவர்கள் அரங்குக்குள் போனதாகச் சொல்லவில்லை. நாடுவிட்டு நாடு போகும் போட்டிகளுக்கு உள்நாட்டு லீகைவிடக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அதே ஜூனில் கொலம்பியாவும் அர்ஜென்டினாவும் நடத்த முடியாமல் போன கோப்பா அமெரிக்காவைப் பிரேசில் இழுத்துப் போட்டுக்கொண்டது. பிரேசில் ஆட்டக்காரர்களே அதை எதிர்த்து அறிக்கை விட்டும் போட்டி நடந்தது. அது நடந்துகொண்டிருந்தபோதே அந்நாட்டின் இறப்புத் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அதை நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தும் அதிகாரம் லீகிடம் இருக்கக்கூடாது. விளையாட்டு அமைச்சரிடமும் வேண்டாம். உங்கள் துறையினரிடம் இருக்க வேண்டும் என்றே சொல்வேன். 2021 செப்டம்பர் 5ஆம் தேதி சாவ் பாவ்லோவில் பிரேசில், அர்ஜென்டினா அணிகளுக்கிடையே உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில், பிரேசில் சுகாதாரக் கண்காணிப்பு அமைப்பின் அதிகாரிகள் நேராக மைதானத்துக்குள் நடந்துவந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த அர்ஜென்டினா ஆட்டக்காரர்கள் நால்வர் தனிமைப்படுத்தல் விதியை மீறியிருந்தார்கள் என்பது காரணம். பந்து உருளத் தொடங்குமுன்பே வந்திருக்கக் கூடாதா என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேலியில் நியாயமும் உண்டு. ஆனால் மெஸ்ஸியும் நெய்மரும் நின்ற மைதானத்தில் ஒரு சுகாதார அதிகாரியின் சொல் எடுபட்டது. அந்த ஆட்டத்தை மறுபடி நடத்த வேண்டும் என்று ஃபிஃபா உத்தரவிட்டும், கடைசியில் அது ஆடப்படாமலேயே கைவிடப்பட்டது. இரண்டு அணிகளும் 2022 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றன.